இரண்டு வாசலும் மறுத்த மஞ்சள் சட்டை

மாலை 6.40. புனே, பாலேவாடியில் கபடி நடந்த உள்ளரங்கின் இரண்டாம் வாசலில், என் பதின்மூன்று வயது மகள் நிவேதாவைத் தடுத்தார்கள். நான் அதற்குள் தடுப்பைத் தாண்டியிருந்தேன்.

ஐந்தரைக்குக் கசார்வாடியில் ஆட்டோ ஏறினோம். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டையைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் இந்தியில் சீண்டினார்: "அந்த டீமைத்தான் வித்துட்டாங்களே பேட்டா, பேப்பர் படிக்கிறதில்லையா?"

"ஆளுங்க அதேதானே அங்கிள்," என்றாள்.

மூன்று பருவங்கள் எங்கள் ஊர் அணி அது. புதிய முதலாளி வாங்கினார். வேறு ஊருக்குக் கொண்டுபோனார். பெயரை மாற்றி, கருநீலச் சட்டை மாட்டினார். புனேவுக்கு வேறோர் அணி முளைத்தது. பழைய வீரர்கள் அன்று எதிரணியாக வந்திருந்தார்கள்.

"இது எதிரணிச் சட்டை. ஏழாம் வாசலுக்குப் போகணும்," என்றான் வாசலில் நின்ற இளைஞன். வரிசை என்னைத் தள்ளியது. அவள் டிக்கெட் அவள் கையில் இருந்தது, போன் கிடையாது.

"ஏழுக்குப் போம்மா, நான் உள்ள சுத்தி வந்துடறேன்," என்றேன். அப்படிச் சொன்ன என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

7.05. ஏழாம் வாசலில் அவள் இல்லை. அங்கிருந்த பெண் நிமிராமலே சொன்னாள்: "மஞ்சள் சட்டையா? அது எங்க டீம் சட்டை இல்ல சார். திருப்பி அனுப்பிட்டோம்."

"எங்க?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அணியை விற்கப் பழைய முதலாளிகளுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் 'இது உன் ஊர்' என்று சொல்லி அறுநூறு ரூபாய்க்கு அந்தச் சட்டையை விற்றவர்களும் அவர்கள்தாமே? வீரர்களை ஒருவர் கொண்டுபோனார், ஊரின் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்திய பிள்ளைக்கு மிஞ்சியது வெளிச்சுவர் ஓரம். அணி எதுவென்று பிறகு வழக்காடட்டும். குழந்தையை உள்ளே விட்டிருக்கக் கூடாதா?

வெளியே போனால் மறுபடி நுழைய முடியாது என்றார் காவலாளி. போனேன். வண்டி நிறுத்துமிடம், வடாபாவ் கடை, பேருந்து நிறுத்தம் எங்கும் அவள் பெயரைக் கத்தினேன். உள்ளே ஆயிரம் பேர் சத்தம்.

7.35. இரண்டாம் வாசலின் உள்பக்கத்திலிருந்து, கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடுகளோடு நிவேதா வெளியே வந்தாள். சட்டையில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. தையல்கள் வெளியே தெரிந்தன.

"உள்ளதான்ப்பா உன்ன தேடினேன். வெளிய இருந்த பாத்ரூம் போய் சட்டைய உல்டா போட்டுட்டு இந்த வாசல்லயே வந்தேன். அப்புறம் எந்த டீம்னு யாருமே கேக்கல."