பாலையடித் தாழி

மல்லாவிக்கு அப்பால், எங்கள் வயற்கரையில் ஒரு பாலைமரம் நிற்கிறது. என் மனுசனை அதன் கீழ்தான் புதைத்தோம். சண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நாட்கள்; விறகு அடுக்கி எரித்து முடியும்வரை நிற்க யாருக்கு நேரம்? படங்குச் சீலையில் சுற்றி, அங்கே கிடந்த பெரிய கற்பலகைக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டு நடந்தோம்.

கடைசி நாள் தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார். இருந்தது ஒரு பிடி. நாளைக்கும் வேண்டுமே என்று எரிந்து விழுந்து, வெறும் தேத்தண்ணியைத்தான் கொடுத்தேன். எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைப் படைக்கிற எட்டுச்செலவும் செய்யவில்லை. அன்றைக்கு வேறு ஊரில், வேறு மரத்தடியில் இருந்தோம்.

நாங்கள் எரிக்கிற சனம். எலும்பை எடுத்து எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கவேண்டும் என்று இவரின் தமையன், என் அத்தான், யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் கரைச்சல் தந்தார். இவரை மறுபடி கிளற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றும் செய்யாமல் விட்டது உறுத்த, போன மாசியில் ஓம் என்றேன்.

விடியற்பனி வயலில் படுத்திருந்தது. மரம் தரையைத் தொடாமல் நிற்பது போலிருந்தது. அத்தான் கல்லின் பிழையான பக்கத்தில் வெட்டத் தொடங்கினார். எனக்குத் தெரியும். கொஞ்சம் பிந்தட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

முழங்காலளவு ஆழத்தில் ஒரு தாழி தட்டுப்பட்டது. உள்ளே எலும்புத் துண்டுகள், அவற்றின்மேல் உள்ளங்கையளவு கிண்ணம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அத்தான் சரித்திரம் படிப்பித்தவர். ஆதிகாலத்துச் சனம் இப்படித்தான் தாழியில் இட்டுப் புதைத்ததாம், கல்லும் அவர்கள் வைத்ததுதானாம், கிண்ணம் சாப்பாட்டுக்காம்.

குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒருத்தி இதில் எதையோ ஊற்றியிருக்கிறாள். அவளும் வீட்டில் சண்டை பிடித்தவளாகத்தான் இருப்பாள். பனிக்குள் அவள் கை தெரிந்து மறைந்தது. இத்தனை வருஷமும் இவர் தனியே கிடக்கவில்லை என்று நினைக்க, அழுகை வந்துவிட்டது.

"இனி வெட்ட வேண்டாம் அத்தான். இவர் இஞ்சயே இருக்கட்டும்."

அவர் கையிலெடுத்த கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்து, மண்ணைத் தள்ளி மூடினார்.

வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தேன். மூன்று கரண்டி சீனி. கல்லைச் சுற்றிப் போய், மற்றப் பக்கத்தில் கோப்பையை வைத்தேன்.

"அங்கையோ தம்பி கிடக்கிறான்?" என்றார் அத்தான்.

ஓம் என்று தலையாட்டினேன். பிறகு இவருக்குச் சொன்னேன்:

"சீனி போட்டிருக்கு. ஆறமுன்னம் குடியுங்கோ."