அக்கா கையெழுத்திடாத இருக்கை

இத்தகைய நினைவு மலர்களில், மறைந்தவர் யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை என்று எழுதுவது முறை. எங்கள் அக்கா அதிர்ந்துதான் பேசுவார். அதைக் கேட்டவர்களே இதைப் படிக்கிறீர்கள் என்பதால், பொய் எழுத எனக்கு வழியில்லை.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டு, கிள்ளானில் கார் இருக்கைகள் தயாரிக்கும் தொழிற்சாலையில் உறை தைக்கச் சேர்ந்தார். அந்தத் தையல்தான் என்னைப் படிக்க வைத்தது. பிறகு தாமும் வரைபடம் கற்று, இருக்கை வடிவமைப்புப் பிரிவுக்கு உயர்ந்தார். நான் அரசாங்க வாகனப் பரிசோதகரானேன். வீட்டில் பேச்சும் கார்தான், சண்டையும் கார்தான்.

ஒரு புதிய காருக்காக மெலிந்த, முன்சாய்ந்த தலைத்தாங்கி ஒன்று வந்தது. பார்க்க அழகு. உயரம், உறுதி எல்லாம் விதிப்படி சரி. அக்கா மட்டும் கையெழுத்திட மறுத்தார். எங்கள் சின்னம்மாவைக் கொண்டையும் மல்லிகைச் சரமுமாகக் கூட்டத்துக்கே அழைத்துப் போய், மாதிரி இருக்கையில் உட்கார வைத்தார். சின்னம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தி, தலைத்தாங்கியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பூ நசுங்குதும்மா. எங்க காருலயும் இதக் கழட்டிப் பின்பெட்டியிலதான் போட்டு வெச்சிருக்கேன்.”

“கேட்டீங்களா?” என்றார் அக்கா. “பின்னாலருந்து லோரி இடிச்சா கழுத்தக் காப்பாத்த வேண்டியது, ஸ்பேர் டயரோட தூங்குது.”

பிறகு தாம் வரைந்ததை எடுத்து வைத்தார். நடுவில் கொண்டைக்குக் குழி, சுற்றிலும் தலைக்குத் தாங்கல். தோற்றப் பிரிவு அதிகாரி சிரித்தார்.

“அக்கா, டாண்டாஸ் சீட் மாதிரி இருக்கு லா.”

“டாண்டாஸ் சீட்ட அழகா இல்லனு யாராச்சும் கழட்டி வெச்சிருக்காங்களா, தம்பி?”

கழிப்பறை பற்றிய அந்தப் பதிலோடு கூட்டம் கலைந்தது.

அன்று வீட்டில் நானும் அவர் பக்கம் நிற்கவில்லை. பரிசோதனைப் படிவத்தைப் படித்துவிட்டு, “பாரத்துல ஒரு குறையும் இல்லக்கா. சைன் போட்டுருங்க” என்றேன்.

“உன் பாரத்துக்குக் கழுத்து இருக்காடா?”

படிவத்தை மடித்து அவர் பையிலேயே வைத்தேன்.

கையெழுத்தை வேறொருவர் போட்டார். அக்காவைத் தரைவிரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பழைய இடம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். கடிதத்தை எழுதித் தர நான் தயாராக இருந்தேன். அக்கா கேட்கவேயில்லை. ஓய்வு பெறும்வரை கால்மிதிகளை வரைந்தார். ஒன்றுகூட வழுக்கியதில்லை.

சென்ற ஆண்டு நோய் முற்றியதும் அவரை என் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கூட்டரசு நெடுஞ்சாலையில், பின்னால் சாய்ந்திருந்தவர் கையை நீட்டி, முன்னே அமர்ந்திருந்த என் மனைவியின் இருக்கை உச்சியைத் தடவினார். அங்கே வெறும் இரண்டு துளைகள். முந்தின நாள் அவள் கொண்டையும் பூவுமாக ஒரு திருமணத்துக்கு வந்திருந்தாள்.

“வண்டிய நிறுத்துடா.”

“ஆஸ்பத்திரிக்கு நேரமாகுதுக்கா.”

“மாட்டிட்டுப் போ. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

அவசரத் தடத்தில் அவசரமின்றி நிறுத்துவது குற்றம். நிறுத்தினேன். பின்பெட்டியைத் திறந்து, எடுத்து, மாட்டினேன். அது பொருந்தும் சத்தம் கேட்ட பிறகே அக்கா கையை எடுத்தார். எட்டாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவரைப் பேணிய தாதியருக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த கிள்ளான் அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை அவரோடு வாக்குவாதம் செய்து தெம்பூட்டிய சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மன்னிப்புக் கடிதம் கேட்டவர்களுக்கு நன்றி இல்லை.

முதலாண்டு வழிபாடு முடிந்து நீங்கள் புறப்படும்போது, வண்டி நிறுத்துமிடத்தில் நான் நிற்பேன். ஒவ்வொரு காரின் பின்பெட்டியையும் திறக்கச் சொல்வேன். ஓய்வு பெற்ற பரிசோதகனுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். திறங்கள்.