பூனையின் முழங்கால் சில்லு

மிருக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்குப் பெரிய டாக்டர் என்றாலே இளக்காரம். பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்து வந்த இளக்காரம் அது. வந்த பிராணியைத் தொடாமலே பழைய மருந்தை மறுபடி எழுதித் தள்ளுவது, ஆள் பார்க்கும்போது மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொள்வது, இவ்வளவுதான் அவர் வைத்தியம் என்பாள்.

அன்று ஒரு தையல்காரர் தன் பூனையைத் துணிக்கூடையில் தூக்கி வந்தார். பதினாலு வயசுக் கிழம். ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறதென்று ஏழு வருஷமாக இதே டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை, வாரம் ஒன்று. இப்போது ஒரு பல்லும் ஆடுகிறது. முன்பெல்லாம் தையல் மிஷின்மேல் தாவிப் படுத்துக்கொள்ளும், ஒரு மாசமாகப் பின்னங்கால்களை விறைத்து விறைத்து வைக்கிறது.

"வயசாச்சுய்யா. நீங்க மட்டும் ஓடிட்டா இருக்கீங்க?" என்றார் டாக்டர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கயும் விழலீங்க. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமே."

தொல்லை விட்டால் சரி என்று சீட்டு எழுதினார்.

அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள். இரண்டு முழங்கால் சில்லும் குறுக்கே பிளந்திருந்தன, பிஸ்கட்டைப் பிட்டது போல. எலும்பு என்னவோ வெள்ளை வெளேரென்று திடமாகத்தான் தெரிந்தது. இதே மாதிரி ஒரு படத்தை அவள் பயிற்சி வகுப்பில் பார்த்திருக்கிறாள். அந்த வகுப்புக்கு டாக்டரும் வந்திருந்தார், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.

"டாக்டர், இது அந்த மாத்திரையால இருக்குமோ?"

"படம் எடுக்கறது உன் வேலை. படிக்கறது என் வேலை."

"அப்ப படிங்க."

அவர் படத்தில் முழங்காலை விட்டு இடுப்பெலும்பை உற்றுப் பார்த்துவிட்டு, "வாதம்தான். மாத்திரை தொடரட்டும். ஆடற பல்லை அடுத்த வாரம் பிடுங்கிடலாம்" என்றார்.

வாசலில் தையல்காரரை அவள் மறித்தாள்.

"அண்ணே, இந்த மாத்திரை எலும்பைக் கரைய விடாது. பழசு போனாத்தானே புதுசு வரும்? வருஷக்கணக்கா பழசே கிடந்தா பாக்கக் கல்லு மாதிரி இருக்கும், பட்டுனு உடையும். பல்லைப் பிடுங்கினா தாடைப் புண்ணு ஆறாமலும் போகலாம். நான் டாக்டர் இல்ல. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. இந்தப் படத்தோட நேரா பிராணிகளுக்கு எலும்பு பாக்கற டாக்டர்கிட்ட போங்க."

"அவரு ஏம்மா சொல்லல?"

"தெரிஞ்சாத்தானே சொல்லுவாரு."

தையல்காரர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார். "என் கையாலதானம்மா ஊட்டினேன், ஒரு வாரம் விடாம." அவள் கேலியை விட்டுவிட்டு, படத்தை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

எலும்பு டாக்டர் அவள் சொன்னதையே சொன்னார். மாத்திரையை நிறுத்தி, சாப்பாட்டை மாற்றி, ரெண்டு மாசம் கூண்டிலேயே இருக்கச் செய்தார். பல்லில் கை வைக்கவில்லை. பூனை பிழைத்தது. விறைத்த நடைதான், தாவுவது அதோடு போயிற்று.

எலும்பு டாக்டரின் அறிக்கை ஆஸ்பத்திரிக்கும் வந்தது. ஆறு மாசம் கழித்து டாக்டர்கள் கூட்டமொன்றில் பெரிய டாக்டர் அதே படத்தைத் திரையில் போட்டார். "மாத்திரைதான் காரணம்னு உங்களுக்கு எப்போ சந்தேகம் வந்தது?" என்று ஒருவர் கேட்டார். "பாத்த உடனே" என்றார் கூசாமல். கைதட்டல்.

பின்வரிசையில் இருந்த அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டாமா? எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே மாத்திரை தின்றுகொண்டிருந்த பூனைகள் இன்னும் நாலு பதிவேட்டில் இருந்தன. போனை எடுத்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, "பூனை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள்.