ஒட்டுப்பால் பந்து

தோட்டத்துக் கேட்டைத் தாண்டி அலோர் காஜா சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்ததால் வேகமாக நடக்க முடியவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. கம்பிவேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு என்று சொல்லிப் பிடித்துவிடுவார்கள். அதனால் வழிக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய சோற்றையும் சேர்த்து அம்மா என்னை அங்கேயே தின்ன வைத்திருந்தாள். கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலர் என் துணிமூட்டையை உதறினார், அடையாள அட்டையைப் பார்த்தார், பந்து இல்லையா என்று கேட்டுச் சிரித்தார். அதற்குள் சேதி கேட் வரைக்கும் போயிருந்தது. நான் சிரிக்கவில்லை. ஊரடங்குக்கு முன்னால் டவுனைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு, புல்வெட்டுக் கூட்டத்தில் பேர் பதிந்து சம்பளம் வாங்கியவன். மீசை அரும்பிவிட்டது. அப்படிப்பட்டவனைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றியது ஒரு விளையாட்டுப் பந்து. இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆனால் கூச்சம் வேறு, வருத்தம் வேறு.

ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிய கோட்டில், பால் வடிந்து முடிந்த பிறகு கொஞ்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஒட்டுப்பால். அடுத்த வெட்டுக்கு முன்னால் அதை உரித்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் நாடா மாதிரி வரும். ஒரு துணி முடிச்சின்மேல் அந்த நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. கடைப் பந்து எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

அதற்கு முன்னாலும் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் விளையாட்டுப் பைத்தியங்கள் வந்து போயிருக்கின்றன. ரப்பர் விதையை விதைமேல் வைத்துக் குத்தி உடைப்பது ஒரு மாதம், பம்பரம் ஒரு மாதம். பந்து மட்டும் போகவில்லை. காரணம் வேலி என்று நினைக்கிறேன். அந்த வருடம்தான் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சாயங்காலம் கேட்டை அடைத்துவிட்டால் எந்தப் பக்கமும் போக முடியாது. மேலே போகத்தான் தடையில்லை. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் சிமெண்டுத் தரை இருந்தது. அதில் ஓங்கி அடித்தால் பந்து லயத்துக் கூரையைத் தாண்ட வேண்டும். தாண்டாத பந்தை யாரும் மதிக்கமாட்டார்கள். வேலிக்கு அப்பால் விழுந்தால், உன் பந்து காட்டில் சேர்ந்துவிட்டது என்று கேலி செய்வார்கள். பெரியவர்கள் காதில் விழுந்தால் அதற்கும் அடி உண்டு.

எட்டு வயதும் ஒன்பது வயதுமாக இருபது பொடியன்கள். அவர்களுக்கு நடுவில் சம்பளக்காரன் நான் ஒருத்தன். என் பந்துதான் பெரியது, இளநீர்க் காய் அளவு. ஒட்டுப்பாலைத் தேடித் தேடி உரித்தோம். காட்டோரத்து மர வரிசையான கடைசி நிரையில்தான் அது கனமாக இருக்கும். அந்த நிரையை வெட்டியவர் மனைவியை இழந்து தனியாக இருந்த ஒரு மாமா. தண்ணீர் தூக்கிப் போகும் சாக்கில் பொடியன்களும், புல் வெட்டும் சாக்கில் நானும் அங்கேயே மேய்ந்தோம். அவருடைய கூடை நாளுக்கு நாள் இளைத்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஆபீஸ் கவனித்தது.

ஒருநாள் காலை பிரட்டில் ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி எழுந்து நின்று சொன்னார். கடைசி நிரைக்காரர் ஒட்டுப்பாலைக் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறார், அவரை ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டியாகிவிட்டது, போலீஸ் லாரி வருகிறது. லாரியில் ஏறியவர்கள் திரும்பி வர வருடக்கணக்கில் ஆகும். சிலரைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கே அனுப்பினார்கள். அந்த மாமா இந்த மண்ணில் பிறந்தவர். அங்கே அவருக்கு ஒரு நாய்கூடத் தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது பந்தை எங்கே ஒளிப்பது என்பதுதான். பிறகு கூட்டத்திலிருந்து வெளியே வந்து, அந்த ஒட்டுப்பாலை உரித்தது நான் என்றேன்.

கிராணி நம்பவில்லை. இவ்வளவையும் ஒருத்தன் என்ன செய்வான் என்றார். ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தேன். வெள்ளைக்காரத் துரை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் ஓங்கி அடித்தார். பந்து ஆபீஸ் கூரைக்கு மேலே போனது. காவலர் இருவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். துரை முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அவர் ஒன்பது வயதில் எப்படி இருந்திருப்பார் என்று அப்போது தெரிந்தது.

ஒரு பந்து போதவில்லை. மற்றவையும் வந்தால்தான் கணக்கு ஒக்கும். வீடு வீடாகப் போய் நானே வாங்கிவந்து குவித்தேன். ஒரு பொடியன் கொடுக்கமாட்டேன் என்று வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

"நீதானண்ணே செய்யச் சொல்லிக் கொடுத்த. இப்ப நீயே காட்டிக் கொடுக்கிற."

அவன் கையைப் பிரித்துப் பிடுங்கினேன்.

குவியலை நிறுத்துப் பார்த்துத் துரை தலையாட்டினார். ஆனால் உள்ளே காட்டுக்குப் போகும் கடிதம் ஏதாவது வைத்திருக்கிறானா என்று கிராணிக்குச் சந்தேகம். பால்வெட்டுக் கத்தியால் என் பந்தைப் பிளந்தார். சுற்றுச் சுற்றாகப் பிரிந்து, நடுவில் வெள்ளையாக ஒன்று வந்தது. நீலக் கோடு போட்ட காலுறை. கிராணியுடையதுதான். அவர் பங்களாவைச் சுற்றிப் புல் வெட்டும்போது கொடியிலிருந்து எடுத்தேன். சுருட்டினால் காலுறை மாதிரி உருண்டையாக வேறு எந்தத் துணியும் வராது. பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பி எல்லாருக்கும் பரவியது. அது இல்லாதிருந்தால் நாலு அறையோடு போயிருக்கும்.

பூட்டைத் திறந்து மாமாவை வெளியே விட்டார்கள். அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, ஆயிரம் மரம் இருக்கு. எல்லாத்தையும் என் மரத்துலதான் உருவணுமா?"

அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார்.

கிராணி என்னைப் போகவிடவில்லை. எல்லார் முன்னாலும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் பேர் இருக்கும், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் தோட்டத்தில் நிற்கக் கூடாது என்றார். அம்மா பின்னாலிருந்து முதுகில் குத்தினாள்.

"விழுந்து எந்திரிச்சிரு லா. ஒரு நிமிசம்."

"எடுத்தேன்னு நானேதான் சொன்னேன். அவரு சொன்னது பொய்யின்னு ஆச்சு. அவரு யார் கால்ல விழுந்தாரு?"

அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். என் பேரை அடித்தார்கள். திருட்டு என்று எழுதினார்களா, திமிர் என்று எழுதினார்களா, தெரியாது. எதை எழுதியிருந்தாலும் சரிதான்.

ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் பின்னால் சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், முழங்கால் வரை காலுறை போட்டிருந்தார். வேலை கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோட்டத்தை விட்டிட்டு ஏன் வந்தனீ?"

"கால்ல விழச் சொன்னாங்க. விழல."

"இங்கை காலிலை விழுறதுக்கு ஒருத்தருக்கும் நேரமில்லை. தார்ப் பீப்பாய்க்குள்ளை விழாமல் நிண்டால் காணும்."

பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். விறகைப் பிளந்து பீப்பாய்க்கு அடியில் தள்ளுவதும், உருகும் தாரை நீளக் கம்பால் கிண்டுவதும் என் வேலை. வெயில் ஏறுவதற்குள் புருவம் இரண்டும் பொசுங்கிவிட்டன.