அத்தையைப் பெண் பார்த்த மாட்டினி

எங்கள் வீட்டில் சினிமா பார்த்தவர்கள் குறைவு, சினிமா விமரிசனம் படித்தவர்கள் அதிகம். பெங்களூர் காக்ஸ் டவுனில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தோம். மைசூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு, விமரிசனம் படித்துவிட்டால் படம் பார்த்த மாதிரிதான் என்று ஒரு கொள்கை. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், மூட்டைப்பூச்சிக் கடி வேண்டாம், கதையும் தெரிந்துவிடும் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேப்பர்கள் கூடத்தில் விரிக்கப்படும். ஊர் இங்கிலீஷ் பேப்பரும், மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும் தமிழ்ப் பேப்பரும் எங்களுடையவை. கன்னடப் பேப்பர் பக்கத்து வீட்டு இரவல். அப்பா மூன்றையும் படித்து, ஊரில் ஓடும் படங்களுக்கெல்லாம் தீர்ப்பு வழங்குவார். கத்திச் சண்டைப் படத்தில் கத்திகள் தகரம் என்று தமிழ்ப் பேப்பர் எழுதினால் எங்களுக்கும் அவை தகரம்தான். இந்திப் படத்தில் பாட்டு அதிகம், கதை குறைவு. இங்கிலீஷ் படம் ஒன்றில் மனிதர்களைவிடக் குதிரைகள் நன்றாக நடித்திருந்தன. பார்க்காத படங்களைப் பற்றி இப்படி எங்களிடம் உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. நான் அவற்றைப் பள்ளிக்கூடத்தில் தாராளமாக வழங்கி வந்தேன்.

அப்பாவின் தங்கையான என் அத்தை மட்டும் இந்தக் கட்டுக்குள் வராதவள். ஆரம்பப் பள்ளி டீச்சர். கூட வேலை செய்பவர்களோடு போய்ப் படத்தை நிஜமாகவே பார்த்துவிட்டு வந்து, பேப்பர் சொன்னதற்கு நேர்மாறாக ஏதாவது சொல்வாள். வீட்டுக்குள் சொன்னவரை யாருக்கும் நஷ்டமில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்லிவிட்டாள். மூன்று பேப்பர்களும் வாயாரப் புகழ்ந்த ஒரு பக்திப் படத்தைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா உருக்கமாகக் கேட்டபோது, "சாமிக்குத் தொப்பை ஜாஸ்திங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல" என்றாள். வந்தவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அந்த இடம் அதோடு சரி.

அடுத்த வரன் கோலார் தங்கவயல்காரர்கள். மாப்பிள்ளை பெங்களூரிலேயே ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று, பெண் பார்ப்பதைச் சினிமாக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்த மாதிரி ஒரே வரிசையில் உட்காரும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மரியாதைக்காக ஒரு குழந்தையை உட்கார வைப்பார்கள். குழந்தை நான்தான்.

எந்தப் படம் என்று முடிவு செய்ய அப்பா எல்லாப் பேப்பரையும் மறுபடி எடுத்தார். தகரக் கத்திப் படம் ஆகாது, சத்தம். இந்திப் படம் ஆகாது, கதாநாயகி மழையில் நனைகிறாளாம். பக்திப் படம் என்று அம்மா ஆரம்பித்ததுமே அப்பா அத்தையைப் பார்த்தார். அம்மா நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஒரு குடும்பப் படம் தேறியது. இங்கிலீஷ் பேப்பர் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது, கன்னடப் பேப்பர் 'பரவாயில்லை' என்றிருந்தது, தமிழ்ப் பேப்பர் முக்கால் பத்தி எழுதியிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் அந்தத் தமிழ்ப் பேப்பர்தான் வாங்குகிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"படம் எப்படின்னு கேட்டா இதைச் சொல்லு. ஒரு வார்த்தை கூட கொறச்சலா வேணாம். இந்த இடத்தையும் கெடுத்துடாதம்மா" என்று அத்தையின் கையில் பேப்பரைக் கொடுத்தார்.

"நடிப்பில் நிதானம். ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி. எனினும் பிற்பாதியில் கண்ணீர் சற்று மிகை. ரயில் நிலையத்தில் தாய் தன் மகனைப் பிரியும் காட்சியைக் கத்தரித்திருந்தால் சித்திரம் மேலும் உயர்ந்திருக்கும்." அத்தை இதை ஒப்பிக்க, பேப்பரை வைத்துக்கொண்டு நான் திருத்தினேன். ஒரு டீச்சரைத் திருத்துவதில் எனக்கு இருந்த ஆனந்தம் சொல்லி முடியாது. நடுவில் அவள் அம்மாவிடம், "அண்ணி, ஆயுசு முழுக்க ஒப்பிச்சுக்கினே இருக்கற வீட்டுக்கு என்னை அனுப்பிடாதீங்க" என்றாள். அத்தைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்த நினைப்புதான்.

சனிக்கிழமை மாட்டினிக்குப் போனோம். மாப்பிள்ளை கண்ணாடி போட்டு ஒல்லியாக இருந்தார். அவருடைய அம்மா நல்ல பருமன், பார்த்தாலே பயம் வந்தது. நான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் காவல் காப்பதற்குப் பதிலாகப் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். பேப்பரில் படித்ததெல்லாம் ஆள்களாக நடமாடியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரயில் நிலையக் காட்சி வந்தது. தாய் பிளாட்பாரத்திலேயே நிற்க, ரயில் நகர, பையன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அத்தை என் கையைப் பிடித்து நெரித்தாள். என் மணிக்கட்டில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. கத்தரிக்க வேண்டிய காட்சியில் போய் அழுகிறாளே, யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

படம் விட்டதும் எதிரே இருந்த உடுப்பி ஹோட்டலுக்குப் போனோம். "ஏன் பேக்கு சார்?" என்று, என்ன வேண்டுமெனக் கேட்டு வந்து நின்ற சப்ளையரிடம் அப்பா கன்னடத்தில் எல்லோருக்கும் மசால் தோசை சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"படம் எப்படி? உங்க அபிப்பிராயம் என்னா?"

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நடிப்பில் நிதானம்" என்றார். "ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் பாடம். அவர் மேலே போனார். "எனினும் பிற்பாதியில்" என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். அவருடைய நெற்றி வியர்த்தது. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை தோசையைப் பார்த்துக்கொண்டே, "கண்ணீர் சற்று மிகை" என்றாள்.

"ஆமாங்க. அந்த ரயில் நிலையக் காட்சியைக்..."

"கத்தரித்திருந்தால்" என்றாள் அத்தை.

"சித்திரம் மேலும் உயர்ந்திருக்கும்" என்று அவர் முடித்தார்.

பெரியவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை!" என்றார் அந்த அம்மா. அப்பா எல்லோருக்கும் இன்னொரு காபி சொன்னார். இரண்டு வீட்டிலும் ஒரே பேப்பரைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்த மேஜையில் இருந்த பெரியவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்களா, இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். அத்தை தோசையைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உற்சாகமாக மாடிக்காரரிடம் பஞ்சாங்கம் வாங்கப் போனார். அத்தை சமையலறை வாசலில் நின்று, "எனக்கு வேணாம் அண்ணி" என்றாள். "அவரைக் கட்டிக்கறதும் அந்தப் பேப்பரைக் கட்டிக்கறதும் ஒண்ணுதான். அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா, இது போனா அடுத்தது எப்போ வருமோ" என்றாள். அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கே அழுகை வந்தது.

பிறகு அத்தை என்னை முன்னால் உட்கார வைத்துப் பின்னலை அவிழ்த்துப் பூவை எடுத்தாள். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து நானும் அவள் கட்சியில் சேர்ந்தேன்.

"எனக்கும் அவரை வேணாம் அத்தே. இனிமே அவர் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்."

"ஏன் கண்ணு?"

"அவருக்கு ஜலதோஷம். உறிஞ்சிக்கினே இருந்தார். படத்துல ரயில் கிளம்பறப்போ அந்த அம்மா என்னா சொன்னாங்கன்னே எனக்குக் கேக்கல."

அத்தையின் விரல்கள் என் தலையில் அப்படியே நின்றன.

"அந்த எடத்துலதானா? அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி சரியாத்தான் இருந்தார். அப்புறம் லைட்டு போடறதுக்குள்ள கண்ணாடியைக் கழட்டி, சட்டையில தொடச்சுத் தொடச்சுப் போட்டுக்கினார். அவங்க அம்மா பாத்துடப் போறாங்கன்னு அந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

"நீ நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். அப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்ட, அம்மாகிட்ட, யார்கிட்டயும்." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். "சரின்னு சொல்லிடுங்க அண்ணி" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தை சொன்னபடி நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஏதோ தீராத வியாதி இருக்கிறது, தெரிந்தால் அப்பா கல்யாணத்தை நிறுத்திவிடுவார், பாவம் அத்தை வேறு வழியில்லாமல் அதை மறைக்கிறாள் என்று எண்ணி, தாலி கட்டி முடிகிறவரை மணமேடையில் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.