மூன்று பவுண் அம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, கண்ணூறு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். கனடாவின் ஸ்காபரோவில் வீடு வீடாகப் போய்க் குளிருக்குச் சூடு போடும் ஃபேர்னஸ் பூட்டுகிறவன். இருட்டு பேஸ்மென்டுகளில் தனியாக நின்றே பாதி வாழ்க்கை போய்விட்டது, ஒன்றும் வந்து என் தோளைத் தட்டியதில்லை. அளந்து பார்த்துத் தெரிவதைத்தான் நம்புவேன். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது.

நான் மான் வேட்டைக்குப் போகிறவன். துப்பாக்கி இல்லை, கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில். என் கூட்டாளி அன்ரன் அண்ணை, மன்னார் ஆள், என்னைவிட அனுபவம் கூடியவர். எங்களுக்குள் ஓயாத சண்டை அம்பின் எடை பற்றித்தான். பாரம் குறைந்த அம்பு வேகமாக, நேராகப் போகும். தூரத்தைக் கொஞ்சம் பிழையாகக் கணித்தாலும் சமாளிக்கலாம். பாரமான அம்பு மெதுவாகப் போய்த் தாழும், ஆனால் எலும்பைத் துளைத்து மறுபக்கம் வரும், வில்லும் சத்தம் போடாது. அவர் பாரத்தின் பக்கம், நான் எப்போதும் வேகத்தின் பக்கம்.

அந்த வேகம்தான் போன வருடம் என் மானத்தை வாங்கியது. அம்பு ஒரு மானின் தோள் எலும்பில் பட்டுப் பாதிகூட இறங்கவில்லை. மான் ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. எங்கேயோ கிடந்து துடித்திருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு மானை இப்படி விட்டால் வில்லையே தொடமாட்டேன் என்று மனைவி மலருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

இந்த வருடம் அம்புகளை மலரின் நகைத் தராசில்தான் நிறுத்தேன். இருபத்துநாலு கிராம் காட்டியது. "மூண்டு பவுண்," என்றாள் அவள் உடனே. எட்டுக் கிராம் ஒரு பவுண், அவளுக்கு அந்தக் கணக்குத்தான். அன்ரன் அண்ணையின் வாயை அடைப்பதற்காக ஒரே ஒரு அம்புக்கு மட்டும் முனையில் ஒரு பவுண் பித்தளைத் துண்டைத் திருகிப் பூட்டினேன். மலர் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதில் 4 என்றும், மற்ற மூன்றிலும் 3 என்றும் எழுதிவிட்டாள்.

"நாலு பவுணைக் கொண்டு போங்கோவன். அன்ரன் அண்ணை சும்மா சொல்லமாட்டார்."

"வில்லிலை குறியெல்லாம் மூண்டு பவுணுக்குத்தான் வைச்சிருக்கிறன். இனி மாத்தேலாது," என்று வீம்புக்குச் சொல்லி, அதைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

பிக்கரிங்குக்கு வடக்கே தெரிந்த ஒருவரின் பண்ணைக் காடு. காலை எட்டு மணி, குளிர்தான், ஆனால் நல்ல வெயில், நித்திரைத் தூக்கம் எதுவும் இல்லை, கவனியுங்கள். மரத்தில் கட்டிய இருக்கையில் நான். கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்தில் அன்ரன் அண்ணை. கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று வந்து அறுபது அடி தூரத்தில் நின்றது, போன வருடம் போலவே தோளைக் காட்டிக்கொண்டு. அம்பை உருவினேன். நம்பினால் நம்புங்கள், பாரத்தில் கை தாழ்ந்துபோனது. குனிந்து பார்த்தேன், சிவப்பில் 3. குளிரில் கை விறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். ஏனென்று தெரியாது, குறியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். விட்டேன்.

என் வில் எப்போதும் அறைந்தது போலச் சத்தம் போடும். அன்று மூச்சே விடவில்லை. மான் காதைக்கூட ஆட்டவில்லை. அம்பு தோள் எலும்பைத் துளைத்துக்கொண்டு போய் அப்பால் மண்ணில் குத்தி நின்றது. மான் நாற்பது அடி ஓடி விழுந்தது, நான் இறங்கிப் போவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. துடிக்கவே இல்லை. நான் போட்ட கூச்சலில் காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

அன்ரன் அண்ணை சிரித்துக்கொண்டே வந்தார். "கடைசியிலை என்ர சொல்லைக் கேட்டிட்டாய் என்ன? வில்லுச் சத்தமே கேக்கேல்லை. பாரமானதைத்தானே கொண்டந்தனீ?"

"இல்லை அண்ணை, அது வீட்டு மேசையிலை கிடக்கு."

மண்ணிலிருந்து பிடுங்கிய அம்பைக் காட்டினேன். 3. அவர் அதைக் கையில் வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தார், பிறகு சிலுவை போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்துத் தராசில் வைத்தோம். நாலு பவுண். தராசு பிழை என்று மலர் தன் காப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், சரியாகக் காட்டியது. மேசையில் கிடந்த 4 ஐ வைத்தோம். மூன்று பவுண்.

அந்த ஞாயிறு மல்வேர்னில் எங்கள் வீட்டில் மான் இறைச்சிக் கறி. எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து சாப்பிட்டது. நான் மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்று கதை சொன்னேன். போன வருடத்துப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியிருந்தது, அந்தச் சந்தோசத்துக்கு ஈடு இல்லை. வில்லும் என் கையிலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்த 4 அம்பைக் கழற்றி நிறுத்தால் அம்பு மூன்று பவுண், பித்தளைத் துண்டு ஒரு பவுண். திரும்பத் திருகிப் பூட்டி வைத்தால் மூன்று பவுண்தான். நேற்றும் வைத்துப் பார்த்தேன். மலர் பக்கத்தில்கூட வரவில்லை. அவள் தன் தாலிக்கொடியை அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தத் தராசில் வைத்ததில்லை.