லட்சுமம்மா எழுதாமல் விட்ட வேலை

போன வாரம் எங்கள் பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உனக்கென்ன அங்கே வேலை என்கிறீர்களா? நான் போட்டுக் கொடுத்த படிவம் அன்றைக்கு விவாதத்துக்கு வந்தது... போகாமல் இருக்க முடியுமா?

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். யாருக்கு என்ன வேலை, எந்த கிரேடு, எவ்வளவு சம்பளம் — அதுதான் என் பிழைப்பு. அதை நம்பித்தான் பேரூராட்சித் தலைவர் என்னைப் பிடித்தார். தொகுப்பூதியத்தில் இருக்கும் ஊழியர்கள் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அதற்கேற்ற பதவியும் சம்பளமும் தரச் சொல்லி மேலே எழுதப் போகிறோம், ஒரு படிவம் தயார் செய்து கொடுங்கள் என்றார். ஒரே பக்கத்தில் கச்சிதமாகச் செய்து கொடுத்தேன். 'நீங்கள் செய்யும் பணிகள்' என்ற கேள்விக்கு அடியில் இரண்டே கோடு. அது போதும் என்று நினைத்தேன். கம்பெனிப் புத்தி.

கூட்டத்தில் செயல் அலுவலர் படிவங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வாட்ச்மேன் என் இரண்டு கோட்டை மதிக்கவே இல்லை. தனியாக நான்கு தாள் இணைத்திருந்தார். கேட்டைத் திறப்பது ஒரு பணி, மூடுவது இன்னொரு பணி. உறுப்பினர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவருக்குச் சம்பள உயர்வும் பரிந்துரைத்தார்கள். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கிறதே.

அடுத்தது லட்சுமம்மா. பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர், பதினோரு வருட சர்வீஸ். படிவத்தில் ஒரே வரி: 'கூட்டுவது, துடைப்பது.' பழைய பதவியே தொடரலாம் என்று குறித்துவிட்டு, அலுவலர் அடுத்த படிவத்தைக் கையில் எடுத்தார்.

லட்சுமம்மா அப்போது அதே ஹாலில் எங்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் இங்கே வேலை, மதியத்துக்கு மேல் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். முட்டி வலி வேறு. முழு நேர அலுவலக உதவியாளர் ஆகிவிட்டால் கேன்டீனை விட்டுவிடலாம் என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து முன் கவுன்டர் கிளார்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கன்னடம் மட்டும் பேசுகிற அம்மா ஒருவர் வந்திருக்கிறார், லட்சுமம்மாவைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

செயல் அலுவலர் தலையை நிமிர்த்தாமலே, "போம்மா, என்னான்னு கேளு" என்றார்.

இது அங்கே தினமும் நடப்பதுதான். கர்நாடக எல்லையோர ஊர் ஆயிற்றே, சுற்றுக் கிராமங்களிலிருந்து கன்னடக்காரர் வருவார், தெலுங்குக்காரர் வருவார். மதுரையிலிருந்து வந்த கிளார்க் திருதிருவென்று விழிப்பார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு லட்சுமம்மா வந்து அவரவர் மொழியிலேயே பேசுவார்.

மூன்றாவது வார்டு உறுப்பினர் ஷம்ஷாத் எழுந்தார். டெய்லரிங் கடை வைத்திருப்பவர், கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காதவர். "சார், அந்தக்கா இப்ப எந்த வேலைக்குப் போறாங்க? கூட்டறதுக்கா, துடைக்கிறதுக்கா?"

திறந்திருந்த கதவு வழியே எல்லோரும் கவுன்டரைப் பார்த்தோம்.

வந்த அம்மாவின் கணவர் பெங்களூரு ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருக்கிறார். இறப்புச் சான்றிதழுக்கு மூன்றாம் முறையாக வந்திருக்கிறார். 'இங்கே கிடைக்காது' என்று கிளார்க் இரண்டு முறை சொல்லி அனுப்பியாயிற்று. பின்னே எங்கே கிடைக்கும்? அதுதான் அவருக்குப் புரியவில்லை. லட்சுமம்மா அவரை பெஞ்சில் உட்கார வைத்தார். உயிர் எந்த ஊரில் போனதோ அங்கேதான் பதிவு இருக்கும் என்று விளக்கினார். பெங்களூருவில் யாரிடம் போய்க் கேட்பது என்பதை கிளார்க்கிடம் விசாரித்து, கன்னடத்தில் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். ஐந்தே நிமிடம். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்த லட்சுமம்மாவிடம், இதை ஏன் படிவத்தில் எழுதவில்லை என்று ஷம்ஷாத் கேட்டார்.

"எழுதுனா, உன்ன யாரு பேசச் சொன்னதுன்னு நிறுத்திப்புடுவாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. அப்புறம் இந்த ஜனம் யாருகிட்ட போவும்?"

சம்பள உயர்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது இவர் யோசித்தது இதைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த தைரியத்தில் இரண்டு கோடு போட்டேன்?

இனி என்ன, எல்லோரும் கை தூக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. செயல் அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உத்தரவே இல்லாமல் ஒரு துப்புரவுப் பணியாளரை இத்தனை வருடம் இந்த வேலைக்கு யார் அனுப்பியது என்று மேலே கேட்பார்களாம். கேட்டால் மாட்டப்போவது அவர்தான். அவருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டே மாதம். இந்த நேரத்தில் ஒரு மெமோ வந்தால் பென்ஷன் பேப்பர் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மொழி விஷயத்தை விட்டுவிட்டுப் பொதுவாக எழுதலாமே என்றார் தலைவர். கூட்டுவதற்கும் துடைப்பதற்கும் எவன் பதவி உயர்வு தருவான் என்றார் ஷம்ஷாத். லட்சுமம்மா, "விடுங்க சார், எனக்காக உங்களுக்கு என்னாத்துக்கு வம்பு" என்று காலி டம்ளர்களை எடுக்க ஆரம்பித்தார்.

செயல் அலுவலர் லட்சுமம்மாவின் படிவத்தைத் திரும்ப எடுத்து அந்த ஒற்றை வரியைப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"தெனமும் அனுப்புனது நான்தான். அப்படியே எழுதுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். அலுவலருடைய டீ ஆறிப்போயிருந்ததைப் பார்த்து, லட்சுமம்மா வேறு டீ கொண்டுவந்து வைத்தார்.

தீர்மானம் மேலே போயிருக்கிறது. என்ன வருமோ, பதவியா, மெமோவா... தெரியாது. எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் மேஜையிலும் இப்படி எத்தனையோ ஒற்றை வரிப் படிவங்கள் வந்திருக்குமே? எல்லாவற்றுக்கும் கிரேடு போட்டேன்.

'கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்' — முப்பது வருட சர்வீசில் இதை நான் யாருக்காகவும் சொன்னதில்லை.